மேலிருந்து கீழே ஒரு ஸ்வெட்டர், நடுவில் ஒரு முறுக்கு

முதல் ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுங்கள். பின்னல் கற்றுக்கொள்ள வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். சின்ன வயதில் குன்னூரில் எனக்குச் சொல்லித் தந்த முறை வேறு. முதுகு தனி, முன்பக்கம் தனி, கைகள் இரண்டும் தனி. நான்கையும் கீழ் பார்டரிலிருந்து மேலே பின்னி, கடைசியில் உட்கார்ந்து தைக்க வேண்டும். என் முதல் ஸ்வெட்டர் அப்படி மூன்று மாதம் பிடித்தது. தைத்து முடித்து அக்கா மகனுக்குப் போட்டுப் பார்த்தபோது அக்குள் இறுக்கியது, பையனால் கையைத் தூக்க முடியவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

கழுத்திலிருந்து கீழே பின்னினால் அந்த நிலை வராது. ஸ்வெட்டர் வளர வளரக் குழந்தையின் தலை வழியாகப் போட்டுப் பார்க்கலாம். அக்குள் வந்துவிட்டதா, உடல் நீளம் போதுமா, கை எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த உடம்பே சொல்லும். தையல் வேலையும் கிடையாது. இதன் முன்பக்க நடுவில் ஒரே ஒரு முறுக்குப் பின்னல், அதாவது கேபிள், வைத்து எப்படிப் பின்னுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்திருந்தால் போதும். V வடிவம் தெரியும் பக்கம் நிட், மணி மணியாகத் தெரியும் பக்கம் பர்ல். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகியிருந்தால் நீங்கள் தயார்.

எந்த அளவு

கீழே உள்ள கணக்கு எல்லாம் 4 வயதுக் குழந்தைக்கு. மார்புச் சுற்றளவு 58 செ.மீ. என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வெட்டர் 66 செ.மீ. சுற்றளவில் வரும். இந்த 8 செ.மீ. தளர்வு உள்ளே ஒரு பனியனும் சட்டையும் போட இடம் தரும். பெரியவர்களுக்கான ஸ்வெட்டரில் பின்கழுத்து முன்கழுத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அதற்குப் பாதிச் சுற்று பின்னித் திரும்பும் வேலை ஒன்று உண்டு. அதை இரண்டாவது ஸ்வெட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முன்னும் பின்னும் ஒரே உயரமாக இருந்தாலும் உறுத்தாது.

நூலும் ஊசியும்

நடுத்தரக் கனமுள்ள நூல் வேண்டும். உறையில் வொர்ஸ்டட் என்றோ, நூல் உருண்டைப் படத்துக்குள் 4 என்றோ போட்டிருக்கும். 100 கிராம் நூல் சுமார் 200 மீட்டர் நீளம் வந்தால் சரியான கனம். இந்த ஸ்வெட்டர் ஏறக்குறைய 250 கிராம் எடுக்கும். 300 கிராமாக வாங்குங்கள், எல்லா உருண்டைகளின் உறையிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். லாட் மாறினால் கடையின் விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த நிறம் வெயிலில் இரண்டாகத் தெரியும். மீதமாகும் நூலைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் நூல். விலை குறைவு, துவைப்பது எளிது, பழகுவதற்கு நல்லது. கையிருப்பு அனுமதித்தால் மெரினோ கம்பளி வாங்குங்கள். அது கொஞ்சம் இழுபடும், முறுக்கு அதில் திரண்டு நிற்கும். எந்த நூலாக இருந்தாலும் நிறம் வெளிறியதாகவும் ஒரே சீராகவும் இருக்கட்டும். கருநீலத்திலும் கறுப்பிலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. பல நிறம் கலந்த நூலில் முறுக்கு இருப்பதே தெரியாமல் போகும். சந்தன நிறம், வெளிர் சாம்பல், கிளிப்பச்சை மாதிரி ஏதாவது எடுங்கள்.

ஊசி இரண்டு அளவில் வேண்டும்: உடலுக்கு 4.5 மி.மீ., பார்டருக்கு 3.75 மி.மீ. இரண்டும் வட்ட ஊசியாக, அதாவது இரண்டு முனைகளை ஒரு மெல்லிய வயர் இணைக்கும் வகையாக, 80 செ.மீ. நீளத்தில் இருக்கட்டும். ஊசி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் இன்னும் புழங்குகிறது. அந்தக் கணக்கில் 4.5 மி.மீ. ஊசி 7ஆம் எண், 3.75 மி.மீ. ஊசி 9ஆம் எண். எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண் நேர்மாறாக ஓடும். இரண்டு முறையிலும் 4.5 மி.மீ.க்கு 7 என்றே வரும், ஆனால் 8 என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. அதனால் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

இவை தவிர, இரண்டு பக்கமும் கூரான ஒரு குட்டி ஊசி முறுக்குக்கு வேண்டும். அடையாள வளையங்கள் ஆறு வேண்டும்: நான்கு ஒரே நிறம், இரண்டு வேறு நிறம். கடையில் கிடைக்காவிட்டால் நூல் துண்டை முடிச்சுப் போட்டு வளையமாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கம்பளி ஊசி, ஒரு குரோஷே ஊசி, அளவு டேப், கட்டம் போட்ட தாள், பென்சில்.

மாதிரித் துண்டு

எல்லோரும் தாண்டிப் போக ஆசைப்படும் இடம் இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

4.5 மி.மீ. ஊசியில் 30 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 40 வரிசை பின்னுங்கள். அதைத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, தட்டையாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் நடுவில் 10 செ.மீ. அளந்து எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுங்கள். குறுக்கே 20 கண்ணி, நெடுக்கே 28 வரிசை வர வேண்டும். இந்த இரண்டு எண்களின் மேல்தான் கீழே உள்ள கணக்கு முழுவதும் நிற்கிறது.

இரண்டு கண்ணி கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் சுற்றுக்கு 132 கண்ணி அளவு. 10 செ.மீ.க்கு 20 வந்தால் 66 செ.மீ. 22 வந்தால் 60 செ.மீ., தளர்வு கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 18 வந்தால் 73 செ.மீ.யைத் தாண்டும், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தொங்கும். கண்ணி அதிகமாக வந்தால் அரை மில்லிமீட்டர் தடித்த ஊசிக்கு மாறுங்கள், குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு. நெடுக்குக் கணக்கு ஒன்றிரண்டு வரிசை தவறினால் பரவாயில்லை, நீளத்தைப் போட்டுப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம்.

கழுத்து

நூலில் சுமார் ஒன்றரை மீட்டர் வால் விட்டு, இரட்டை நூல் முறையில் 72 கண்ணி போடுங்கள். இதற்கு மட்டும் தடித்த 4.5 மி.மீ. ஊசியையே வையுங்கள், அப்போதுதான் விளிம்பு தளர்வாக வரும். 4 வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு 50, 51 செ.மீ. இருக்கும். கழுத்தோ பின்னி முடித்தபின் 36 செ.மீ.தான். அந்த 36 இழுபட்டு 51 ஆக வேண்டும். இறுக்கமாகக் கண்ணி போட்டால் ஆகாது.

இனி 3.75 மி.மீ. ஊசிக்கு மாறி வட்டமாகச் சேர்க்க வேண்டும். 80 செ.மீ. வயரில் இத்தனை சின்ன வட்டத்தை எப்படிப் பின்னுவது? கண்ணிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, நடுவில் வயரை வளையமாக வெளியே இழுத்துவிடுங்கள். முன்னால் இருக்கும் பாதியைப் பின்னுங்கள், திருப்புங்கள், மறுபடி வயரை இழுத்து மறு பாதியைப் பின்னுங்கள். மேஜிக் லூப் என்று இதைச் சொல்கிறார்கள். முதல் நாள் வயர் கையில் சுற்றிக்கொள்ளும், இரண்டாம் நாள் மறந்தே போகும். கழுத்து, உடல், கை எல்லாவற்றையும் இந்த ஒரே ஊசியில் முடிக்கலாம்.

வட்டமாகச் சேர்க்கும்முன் கண்ணிகள் எங்கும் ஊசியைச் சுற்றித் திருகாமல், அடிவிளிம்பு முழுக்க ஒரே பக்கம் பார்க்கிறதா என்று தடவிப் பாருங்கள். திருகியபடி சேர்த்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு நிட், ஒரு பர்ல் என்று 7 சுற்று பார்டர் பின்னுங்கள். இங்கே நிறுத்தி, டேப்பை வைத்துப் பார்டரை இழுத்துப் பாருங்கள். 51 செ.மீ. வரை சிரமம் இல்லாமல் விரிகிறதா? விரியாவிட்டால் இப்போதே பிரித்துவிடுங்கள். போனது ஒரு மாலைப் பொழுதுதான்.

இடம் பிரிக்கும் சுற்று

4.5 மி.மீ. ஊசிக்கு வாருங்கள். இந்த ஒரு சுற்றில்தான் எது முதுகு, எது கை, எது முன்பக்கம் என்று தீர்மானிக்கிறோம். தொடக்கத்தில் ஒரு வளையம். பிறகு:

முதுகுக்கு 26 நிட், வளையம்.
ஒரு கைக்கு 10 நிட், வளையம்.
முன்பக்கத்துக்கு 8 நிட், வேறு நிற வளையம், 2 பர்ல், 2 நிட், ஒரு கண்ணி கூட்டுதல், 2 நிட், ஒரு கண்ணி கூட்டுதல், 2 நிட், 2 பர்ல், வேறு நிற வளையம், 8 நிட், வளையம்.
மறு கைக்கு 10 நிட். தொடக்க வளையத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இப்போது மொத்தம் 74 கண்ணி. வேறு நிற வளையங்கள் இரண்டுக்கும் நடுவே 12 கண்ணி: 2 பர்ல், 8 நிட், 2 பர்ல். அந்த 8தான் முறுக்கு. அதில் இரண்டை ஏன் கூட்டினோம் என்றால், முறுக்கு துணியை உள்ளே இழுக்கும். 8 கண்ணி முறுக்கு ஏறக்குறைய 6 கண்ணி அகலத்துக்குச் சுருங்கிவிடும். சடை பின்னினால் கூந்தல் ஒடுங்கி நீளம் குறைகிற மாதிரிதான். முன்கூட்டியே இரண்டு கொடுத்து வைத்தால் மார்பளவு குறையாது. இரு பக்கமும் நிற்கும் பர்ல் கண்ணிகள் பள்ளம் போல இருக்கும், அந்தப் பள்ளத்தால்தான் முறுக்கு மேடாகத் தெரியும்.

தோள்

நான்கு வளையங்கள் இருக்கும் இடத்தில் கழுத்திலிருந்து அக்குள் வரை நான்கு சாய்வுக் கோடுகள் ஓடும். இதற்கு ரக்லான் என்று பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ரக்லான் பிரபுவின் பெயரால் வந்தது. தோளில் தையல் இல்லாமல் கை நேரே கழுத்து வரை போகும் அமைப்பு என்பதால் கையை வீசி விளையாடும் குழந்தைக்கு இது மிகவும் வசதி.

ஒற்றைப்படைச் சுற்றுகளில், அதாவது 1, 3, 5 என்று, கண்ணி கூட்ட வேண்டும். நான்கு வளையங்களுக்கும் ஒரே செய்கை: வளையத்துக்கு ஒரு கண்ணி முன்பு நில்லுங்கள், ஒன்று கூட்டுங்கள், 1 நிட், வளையத்தைத் தாண்டுங்கள், 1 நிட், ஒன்று கூட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 8 கண்ணி கூடும். சுற்று முதுகில் தொடங்குவதால், தொடக்க வளையத்தின் ஒரு பாதிக் கூட்டல் சுற்றின் ஆரம்பத்திலும் மறு பாதி முடிவிலும் வரும். இதில் குழம்பாதவர்கள் இல்லை. இரட்டைப்படைச் சுற்றுகளில் எதையும் கூட்டாமல், நிட்டை நிட்டாகவும் பர்லைப் பர்லாகவும் பின்னுங்கள்.

கூட்டுவது எப்படி? இரண்டு கண்ணிகளுக்கு நடுவே படுத்திருக்கும் நூலைத் தூக்கி இடது ஊசியில் போட்டு, அதைத் திருகிப் பின்ன வேண்டும். திருகாவிட்டால் ஓட்டை விழும். வளையத்துக்கு முன்பு கூட்டும்போது அந்த நூலைப் பின்னாலிருந்து தூக்கி முன்கால் வழியாகப் பின்னுங்கள். வளையத்துக்குப் பின்பு கூட்டும்போது முன்னாலிருந்து தூக்கிப் பின்கால் வழியாகப் பின்னுங்கள். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்து கோடு அழகாக விழும்.

மொத்தம் 18 முறை கூட்ட வேண்டும். வழியில் எண்ணிப் பாருங்கள்: 6 முறை கூட்டியதும் 122, 12 முறை கூட்டியதும் 170, 18 முறை முடிந்ததும் 218. எண்ணிக்கை ஒத்துவரும் ஒவ்வோர் இடத்திலும், வேறு நிறத் தையல் நூலைக் கம்பளி ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் இழுத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது தவறினால் ஊசியை உருவிவிட்டு அந்த நூல் வரை தைரியமாகப் பிரிக்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது.

முறுக்கு

பார்க்கிறவர்கள் இதைத்தான் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். செய்வது ஒன்றே ஒன்றுதான்: கண்ணிகளின் வரிசையை மாற்றிப் பின்னுகிறோம். இடம் மாறிய கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறு போலத் தெரிகின்றன.

முதல் முறுக்கு 4ஆம் சுற்றில். அதன்பின் ஒவ்வொரு 8 சுற்றுக்கும் ஒரு முறை: 12, 20, 28, 36 என்று போகும். எல்லாமே இரட்டைப்படைச் சுற்றுகள் என்பதைக் கவனியுங்கள். கண்ணி கூட்டும் வேலையும் முறுக்கும் வேலையும் ஒரே சுற்றில் மோதக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறேன்.

முறுக்குச் சுற்றில் வேறு நிற வளையத்தைத் தாண்டி 2 பர்ல் பின்னுங்கள். அடுத்த 4 கண்ணியைப் பின்னாமல் குட்டி ஊசிக்கு மாற்றி, அந்த ஊசியைத் துணியின் முன்பக்கம், உங்களைப் பார்த்தபடி தொங்கவிடுங்கள். இப்போது இடது ஊசியில் இருக்கும் அடுத்த 4 கண்ணியை நிட் பின்னுங்கள். முதல் கண்ணியைப் பின்னும்போது நூலைச் சற்று இழுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் அங்கே இடைவெளி தெரியும். பிறகு குட்டி ஊசியில் காத்திருக்கும் 4 கண்ணியை நிட் பின்னுங்கள், தொடர்ந்து 2 பர்ல். முடிந்தது.

முதல் தடவை கண்ணிகள் இறுகி, ஊசி நுழைய மறுக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். முறுக்குக்கு முந்தைய சுற்றில் அந்த 8 கண்ணியைக் கொஞ்சம் தளர்வாகப் பின்னி வைத்தால் எளிதாகும். முறுக்கிய உடனே பார்த்தால் ஒன்றும் விளங்காது. நான்கைந்து சுற்று கீழே போனபின் எட்டிப் பார்த்தால் கயிறு உருண்டு திரண்டு நிற்கும். அந்த நேரத்து மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குட்டி ஊசியை முன்னால் தொங்கவிட்டால் முறுக்கு இடது பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலது பக்கம் சாயும். எதுவானாலும் சரி, ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டு, முறுக்குச் சுற்றுகளை முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம், நடுவில் ஒரு போன் வந்தால் எல்லாம் மறந்துவிடும்.

வேறு வடிவ முறுக்கு வைக்க ஆசைப்பட்டால் ஒன்றை மனதில் வையுங்கள். நாம் ஸ்வெட்டரைத் தலைகீழாகப் பின்னுகிறோம். கயிறு முறுக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் அப்படியே இருக்கும், அதனால் கவலையில்லை. குதிரை லாடம் போன்ற வடிவங்கள் அப்படியல்ல. மேல்நோக்கித் திறந்திருப்பது போட்டுக்கொள்ளும்போது கீழ்நோக்கித் திறக்கும். தொடக்கத்துக்குக் கயிறு முறுக்கை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம்.

கையைப் பிரித்தல்

36 சுற்று முடிந்ததும் கூட்டாமல் இன்னும் 2 சுற்று பின்னுங்கள். இப்போது முதுகில் 62, முன்பக்கத்தில் 64, கைகளில் 46, 46 கண்ணி. ஆழம் சுமார் 13.5 செ.மீ. கண்ணிகளை ஒரு நீள நூலுக்கு மாற்றிவிட்டு, குழந்தையைக் கூப்பிட்டுப் போட்டுப் பாருங்கள். சாய்வுக் கோடு அக்குளைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கூட்டாமல் இன்னும் இரண்டு, மூன்று சுற்று பின்னுங்கள். அப்படிப் பின்னினால், கீழே நான் சொல்லும் நிறுத்தும் சுற்றின் எண்ணோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முறுக்குச் சுற்றுகளின் எண்களும் 8 சுற்று இடைவெளியும் மட்டும் மாறக் கூடாது. என் அக்கா மகனுக்கு நான் செய்யத் தவறியது இந்த ஒரு காரியம்தான்.

சரி, பிரிப்போம். முதுகின் 62 கண்ணியை நிட் பின்னுங்கள். அடுத்த 46ஐ, கைக்குரியதை, கம்பளி ஊசியால் தனி நூலுக்கு மாற்றி முடிச்சுப் போட்டு விட்டுவிடுங்கள். வலது ஊசியில் புதிதாக 4 கண்ணி போடுங்கள். நூலை விரலில் சுற்றி ஊசியில் மாட்டும் எளிய முறை போதும். முன்பக்கத்தின் 64 கண்ணியை அதன் வரிசைப்படி பின்னுங்கள். மறு கையின் 46ஐயும் நூலுக்கு மாற்றி, மறுபடி 4 கண்ணி போட்டு முதுகோடு சேருங்கள். ஊசியில் இருப்பது 134. முறுக்கு உள்ளே இழுக்கும் இரண்டைக் கழித்தால் 132, அதாவது நமக்கு வேண்டிய 66 செ.மீ.

உடல்

இனி நேரான பாதை. பின்னிக்கொண்டே போங்கள், முறுக்கு மட்டும் 44, 52, 60, 68, 76, 84ஆம் சுற்றுகளில். பேருந்துப் பயணத்திலும், சமையல் கொதிக்கும்வரை காத்திருக்கும்போதும் பின்னக்கூடிய பகுதி இது.

88ஆம் சுற்றோடு நிறுத்துங்கள். அக்குளிலிருந்து ஏறக்குறைய 18 செ.மீ. வந்திருக்கும். குழந்தை குட்டையாக இருந்தால் 80லேயே நிறுத்தலாம். கடைசி முறுக்குக்குப் பின் நான்கு சுற்றாவது விட்டு முடித்தால்தான் அது பாதியில் வெட்டுப்பட்டது போலத் தெரியாது. கடைசிச் சுற்றில் முறுக்கின் 8 கண்ணியில் இரண்டு இடத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னி 6 ஆக்குங்கள். மொத்தம் 132. 3.75 மி.மீ. ஊசிக்கு மாறி, ஒரு நிட், ஒரு பர்ல் பார்டர் 5 செ.மீ. பின்னி, கண்ணிகளைத் தளர்வாக மூடுங்கள். இதற்கு வலது கையில் தடித்த ஊசியைப் பிடித்தால் கை தானாகத் தளரும்.

கைகள்

நூலில் காத்திருக்கும் 46 கண்ணியை 4.5 மி.மீ. ஊசிக்கு மாற்றுங்கள். அக்குளில் புதிதாகப் போட்ட 4 கண்ணியின் அடிவிளிம்பிலிருந்து 4 கண்ணி எடுங்கள். இரண்டு மூலைகளிலும் கட்டாயம் ஓட்டை தெரியும். அங்கே ஒவ்வொன்று கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள், ஓட்டை மூடிக்கொள்ளும். இப்போது 50 கண்ணி. அந்த 4க்கு நடுவில் தொடக்க வளையத்தை வையுங்கள்.

ஒவ்வொரு 8ஆம் சுற்றிலும் இரண்டு கண்ணி குறையுங்கள்: 1 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒரு நிட், கடைசி மூன்று கண்ணி வரும்வரை நிட், அதில் இரண்டைத் தனித்தனியாக நிட் போல வலது ஊசிக்கு மாற்றி இரண்டின் பின்கால் வழியாகவும் சேர்த்துப் பின்னி, 1 நிட். இப்படி 7 முறை செய்தால் 36 கண்ணி மிஞ்சும். இன்னும் 6 சுற்று நேராகப் பின்னி, சிறிய ஊசியில் 4 செ.மீ. பார்டர் போட்டு மூடுங்கள். மொத்தம் 26 செ.மீ. நீளம். மறு கைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் முதல் கையின் சுற்றுகளைத் தாளில் குறித்து வைத்திருந்தால்தான் இரண்டும் ஒரே நீளமாக வரும்.

தவறினால்

முறுக்கு ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதை நான்கைந்து சுற்று கழித்துக் கண்டுபிடித்தால், முழுதையும் பிரிக்க வேண்டாம். அந்த 8 கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, தவறிய இடம் வரை உதிரவிடுங்கள். சரியான வரிசையில் மாற்றி, தொங்கும் ஏணி நூல்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு வாருங்கள். நழுவிய ஒற்றைக் கண்ணியை ஏற்றக் குரோஷே ஊசி போதும். நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள், யாரையும் பேச்சுக் கொடுக்க விடாதீர்கள்.

முறுக்கு ஸ்வெட்டர் என்றால் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஆரன் தீவுகளைச் சொல்வார்கள். அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த கைவேலை இது. கடலில் மூழ்கிய மீனவர்களை அந்தந்தக் குடும்பத்துப் பின்னல் வடிவத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்கள் என்ற கதை பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. 1904இல் மேடையேறிய ஓர் ஐரிஷ் நாடகத்தின் காட்சியிலிருந்து அந்தக் கதை கிளைத்தது. அந்தக் காட்சியில் சகோதரி அடையாளம் காண்பது முறுக்கை வைத்து அல்ல, காலுறையில் தான் தவறவிட்ட நான்கு கண்ணிகளை வைத்து. கண்ணில் படாத ஒரு சின்னத் தவறு உங்கள் ஸ்வெட்டரிலும் இருந்தால், அதை அப்படியே விடத் தயங்க வேண்டாம்.

முடிப்பு

நூல் முனைகளைக் கம்பளி ஊசியில் கோத்து உள்பக்கமாக 6, 7 செ.மீ. ஓடவிட்டு வெட்டுங்கள். அக்குளில் இன்னும் சின்ன ஓட்டை இருந்தால் அதே முனையால் இழுத்து மூடிவிடலாம். ஸ்வெட்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். பிறகு இன்னொரு துண்டின் மேல் தட்டையாகப் பரப்பி, 66 செ.மீ. சுற்றளவு, அதாவது தட்டையாகக் கிடக்கும்போது 33 செ.மீ. அகலம் வரும்படி கையால் நீவிவிடுங்கள். முறுக்கை அகலவாக்கில் இழுக்காதீர்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடைக்கு நீண்டுபோகும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், சூட்டில் நூல் தளர்ந்து துவண்டுவிட்டால் மறுபடி பழையபடி ஆகாது.

மீந்த நூலை அதன் உறையோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த மார்கழியில் குழந்தையின் மணிக்கட்டு பார்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கீழிருந்து பின்னிய ஸ்வெட்டராக இருந்தால் அதை அப்படியே தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்க வேண்டியதுதான். இது மேலிருந்து பின்னியது, கடைசியாக மூடிய கண்ணி கை நுனியிலும் உடலின் கீழ்விளிம்பிலும் இருக்கிறது. அந்த முனையை அவிழ்த்துப் பார்டரை மட்டும் பிரித்து, 36 கண்ணியையும் ஊசியில் ஏற்றி, இரண்டு அங்குலம் நிட் பின்னி, மறுபடி பார்டர் போட்டு மூடுங்கள். உடலுக்கும் அப்படியே, முறுக்கின் 6 கண்ணியை மறுபடி 8 ஆக்கி, விட்ட இடத்திலிருந்து சுற்றை எண்ணத் தொடங்குங்கள்.